சர்வே நம்பருக்கு மானியம்

ஆரணியில் ரிஜிஸ்டர் ஆபீசுக்கு எதிரே, மாடியில் இருக்கிறது என் கடை. டைப்பிங், ஜெராக்ஸ், மொழிபெயர்ப்பு. பதினேழு வருடமாக நடத்துகிறேன். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுத வந்தேன். எதற்குப் பொய்? பெருமைக்காகத்தான் சொல்கிறேன். ஓர் ஆங்கிலக் காகிதத்தை மனிதர் படித்துப் புரிந்துகொள்ளும் தமிழில் எழுதித் தர இந்த ஊரில் என்னை விட்டால் ஆள் கிடையாது. பட்டு வியாபாரிக்கு ஜி.எஸ்.டி. நோட்டீஸ் வந்தாலும் சரி, துபாயில் இருக்கும் மகனின் வேலை ஒப்பந்தம் வந்தாலும் சரி, மாடிப்படி ஏறி என்னிடம்தான் வர வேண்டும். வருகிறவர்களிடம் நான் கொஞ்சம் சத்தம் போடுவேன். அதைப் பொறுத்துக்கொண்டுதான் வருகிறார்கள்.

அப்படி ஒரு நாள் சென்னையிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். ஏதோ ஆலோசனைக் கம்பெனி. கையில் நாற்பது பக்க ஆங்கில அறிக்கை. எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் ஒரு பழைய விமான ஓடுதளம் உண்டு. எப்போதாவது பயிற்சி விமானம் ஒன்று வந்து இறங்கும், மற்ற நாளெல்லாம் ஆடு மேயும். அதைச் சின்ன விமான நிலையமாக மாற்ற அரசாங்கம் பணம் தரப் போகிறது, அதற்கு முன் சுற்றியுள்ள கிராமத்து மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும், எல்லாம் தமிழில் இருக்க வேண்டும், நான்கு நாளில் வேண்டும் என்றார். மூன்று நாளில் தருகிறேன் என்றேன். என் வாய் அப்படி.

விஷயம் சுவாரசியமாகத்தான் இருந்தது. ஓடுதளத்துக்குத் தார் போட, சுற்றுச்சுவர் கட்ட, தீயணைப்பு வண்டி வாங்க அரசாங்கம் பணம் தரும். அதோடு விடாது. பத்தொன்பது சீட் உள்ள குட்டி விமானம் ஒன்று அங்கிருந்து கிளம்பும். பாதி சீட் காலியாகப் போனாலும் டிக்கெட் விலையை ஏற்றக்கூடாது. அந்த நஷ்டத்தில் ஒரு பங்கை முதல் சில வருடங்களுக்கு அரசாங்கமே விமானக் கம்பெனிக்குக் கொடுத்துவிடும். இப்படி யாராவது கை கொடுத்தால்தான் சின்ன விமான நிலையம் பிழைக்கும் என்று அறிக்கை சொன்னது. ஆங்கிலத்தில் அந்தப் பணத்துக்கு மூன்று பெயர்கள் இருந்தன. மூன்றுக்கும் நான் மானியம் என்றே போட்டேன். அகராதியைத் தொடக்கூட இல்லை. உர மானியம், கேஸ் மானியம், சொட்டுநீர் மானியம் என்று தினமும் டிவியில் சொல்கிறார்களே, யாருக்குத் தெரியாது?

கடைசியில் கிராமங்களில் ஒட்ட ஒரு நோட்டீஸ். மூலத்தில் அது இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் கூட்டத்தின் தேதி, இடம், விஷயம். இரண்டாம் பக்கத்தில் சர்வே நம்பர் பட்டியல். ஓடுதளத்தை ஒட்டிய நிலங்களில் தென்னை மரமும் செல்போன் டவரும் குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் போகக் கூடாது, அவ்வளவுதான் அந்தப் பட்டியலின் சங்கதி. ஒட்டுகிற நோட்டீஸ் ஒரே பக்கமாக இருந்தால் நல்லது என்றார் இன்ஜினியர். செய்தேன். ‘விமான நிலையத்துக்கு மானியம் வழங்குதல்’ என்று மேலே கொட்டை எழுத்தில் தலைப்பு. அதன் கீழேயே சர்வே நம்பர்கள். ‘உயரக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை’ என்ற இரண்டாம் தலைப்பு மட்டும் இடம் இல்லாமல் எறும்பு அளவில் சுருங்கி ஓரத்துக்குப் போய்விட்டது. பார்க்க லட்சணமாக இருந்தது. இன்ஜினியர், “சூப்பர் மேடம்” என்றார். நானும் ஒத்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், ஐம்பது வயது இருக்கும் ஒரு அம்மா ஜெராக்ஸ் எடுக்க வந்தார். வெயிலில் நடந்து வந்த முகம். மஞ்சள் பையிலிருந்து பட்டா, ஆதார், பழைய பத்திரம் எல்லாவற்றையும் எடுத்து வைத்தார். எல்லாவற்றிலும் ரெண்டு ரெண்டு வேண்டும் என்றார். இதெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்தால் என்ன நடக்கப் போகிறது என்று எனக்குத் தெரியும்.

“நெலத்த விக்கிறீங்களாக்கா?”

“ஆமாங்க. நாளிக்கி பதினோரு மணிக்கி டோக்கன் போட்டுகிறாங்க. ஒரு ஏக்கரா எம்பது சென்ட்டு. என் பேர்ல கீறது அவ்ளோதான்.”

“கல்யாணம் ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா?”

“கல்யாணமும் இல்ல, கருமாதியும் இல்ல. கவர்மெண்டு அத்த ஏரோப்ளேனுக்கு மானியமா எழுதி குடுத்துட்ச்சி. சும்மா போறதுக்கு, வந்த வெலைக்கி குடுத்துட்றதுதான? வேர்க்கல்ல போட்டுகிறேன், இன்னும் புடுங்கல. அதுகூட போவுது.”

நான் சிரித்துவிட்டேன். சத்தியமாகச் சிரித்தேன். இந்த ஜனங்களுக்கு யார் இப்படிக் கதை கட்டுகிறார்கள் என்று சொல்லி மெஷினைப் போட்டேன். அந்த அம்மா பைக்குள் கைவிட்டு, நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து மேஜை மேல் விரித்தார். சுவரிலிருந்து பிய்த்த பசை இன்னும் மூலையில் காய்ந்திருந்தது. என் எழுத்துரு. என் கொட்டைத் தலைப்பு. நான் வரிசைப்படுத்திய சர்வே நம்பர்கள். ஒரு நம்பரைச் சுற்றி யாரோ பேனாவால் வட்டம் போட்டிருந்தார்கள்.

சிரிப்பு எங்கே போயிற்றோ தெரியவில்லை.

“அக்கா, இது நெலம் இல்ல. மானியம்னா பணம். ஒர மூட்டைக்கி தராங்களே, அந்த மாதிரி” என்றேன்.

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஒர மூட்டைக்கி மானியம்னா துட்டு. சர்வே நம்பருக்கு மானியம்னா நெலம். இதுகூட தெரியாமயா கட போட்டுகினு கீற?”

அவர் ஊரில் ஏரிக்கரைக்குக் கீழே பூசாரி மானியம் என்று ஒரு கொல்லை இருக்கிறதாம். பக்கத்திலேயே மேளக்கார மானியம். எந்தக் காலத்திலோ ராஜாவோ ஜாகீர்தாரோ கோயில் வேலைக்கு என்று எழுதிக் கொடுத்த நிலங்கள். கொடுத்தவனும் இல்லை, வாங்கியவனும் இல்லை, பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது. அதனால் அந்த ஊரில் மானியம் என்றால் மண்தான். யாருடைய நிலத்தையோ எடுத்து, யாருக்கோ சும்மா கொடுப்பது. கொட்டை எழுத்தில் விமான நிலையத்துக்கு மானியம், அதன் கீழே தன்னுடைய சர்வே நம்பர் என்று பார்த்தால் வேறு என்னதான் நினைப்பார்கள்? இதை நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. ஒரு காலத்தில் ஜாகீராக இருந்த இந்த ஆரணியிலேயே பிறந்து வளர்ந்தவள் நான், எனக்குத் தெரியாத வார்த்தை இல்லை. தலையில் அடித்துக்கொண்டேன்.

இதில் ஒரு புரோக்கர் நுழைந்திருக்கிறார். மானியத்தில் போகிற நிலத்துக்கு நஷ்ட ஈடு பைசா கிடையாது, அதற்குள் கை மாற்றிவிட்டால் தப்பித்தீர்கள், என்னிடம் ஒரு சென்னைப் பார்ட்டி இருக்கிறது என்று வீடு வீடாகச் சொல்லியிருக்கிறார். விமான நிலையம் வந்தால் ஒட்டிய நிலம் என்ன விலைக்குப் போகும் என்பது அந்த ஆளுக்குத் தெரியாதா என்ன? அவர் பொய்யை அவர் உண்டாக்கவில்லை. அச்சடித்துச் சுவரில் ஒட்டித் தயாராகக் கொடுத்திருக்கிறேன் நான்.

“அக்கா, நல்லா கேளுங்க. இந்த நோட்டீஸ எழுதினதே நான்தான். நான் சொல்றேன், உங்க நெலத்த யாரும் எடுக்கல.”

“நீயா எழுதன?”

“ஆமாம்.”

“அப்ப நீ கவர்மெண்டா?”

“இல்ல.”

“அப்பறம் இன்னாத்துக்கு பேசற? எழுத்துல ஒன்னு கீது, நீ வாயில ஒன்னு சொல்ற. நான் எத்த நம்பறது?”

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. அலமாரி மேலே இருந்த நாற்பது பக்க அறிக்கையை எடுத்துப் போட்டு, பக்கம் பக்கமாகப் புரட்டி, தொண்டை கிழியக் கத்தினேன். உயரக் கட்டுப்பாடு என்றேன், தென்னை மரம் என்றேன், டவர் என்றேன். கத்தக் கத்த அவருக்குச் சந்தேகம்தான் கூடியது. இவள் ஏன் இவ்வளவு துடிக்கிறாள், இவளுக்கு இதில் என்ன கிடைக்கிறது என்று கண்ணிலேயே கேட்டார். அந்த நேரம் பார்த்து புரோக்கர் மாடிப்படியில் தலையை நீட்டினார். “இன்னாம்மா, ஜெராக்ஸுக்கு இவ்ளோ நேரமா? ஜல்தி குடுங்க மேடம், ஆதார் லிங்க் வேற பாக்கணும்” என்றார்.

எனக்குத் தெரிந்த வசவெல்லாம் நாக்கின் நுனிக்கு வந்தது. அடக்கிக்கொண்டேன். கத்திப் பிரயோஜனம் இல்லை என்று புரிந்துவிட்டது. ஜெராக்ஸை மடித்து அந்த அம்மாவின் பையில் வைக்கும்போது குனிந்து ஒன்றே ஒன்று சொன்னேன். “நாளைக்கு ஆபீசர் உங்கள ஒரு கேள்வி கேப்பாரு. சொந்த விருப்பத்தோட விக்கிறீங்களான்னு. அவர்கிட்ட இந்த நோட்டீஸ காட்டி, எதுக்கு விக்கிறீங்களோ அத்த அப்படியே சொல்லுங்க. பொய் மட்டும் சொல்லாதீங்க.”

“நான் இன்னாத்துக்கு பொய் சொல்லப் போறேன்?” என்று முறைத்துவிட்டு இறங்கினார். தன் ஊர் வழியாகப் போகும் சேத்துப்பட்டு பஸ்ஸைப் பிடிக்கப் புரோக்கருக்குப் பின்னால் போவதை ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

இன்ஜினியருக்கு போன் போட்டு, நடந்ததைச் சொன்னேன். உடனே திருத்திய நோட்டீஸ் போட வேண்டும், இன்றைக்கே ஒட்ட வேண்டும் என்றேன். அவர் நிதானமாக, “டெக்னிக்கலா பாத்தா மானியம் கரெக்ட் வேர்டுதானே மேடம்?” என்றார்.

கரெக்ட்தான். அதுதான் எனக்குப் பேஜார். தப்பான வார்த்தையாக இருந்தால் ஒரு சிரிப்போடு திருத்திவிடலாம். அகராதி என் பக்கம், அரசாணைகள் என் பக்கம், டிவி என் பக்கம். ஒரு ஊர் மட்டும் எதிர்ப்பக்கம்.

“இப்ப திருத்தம் போட்டா கூட்டத்த தள்ளி வைக்கணும் மேடம். கூட்டம் தள்ளிப்போனா ஃபண்டு இந்த வருஷம் வராது. வெள்ளிக்கிழமை கூட்டத்துல நானே வாயால விளக்கிடறேன்” என்றார் அவர்.

“வெள்ளிக்கிழமை விளக்குவீங்க. அந்தம்மா புதன்கிழமையே கையெழுத்து போட்ருவாங்க. உங்க ஓடுதளத்துக்கு ஃபண்டு வரணும்னு ஒரு பொம்பள நெலத்த விடணுமா?” என்று கேட்டேன். பாஸிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். பாஸிடம் கேட்கப் போனவர் போனை எடுக்கவே இல்லை.

மறுநாள் பத்தே முக்காலுக்குக் கடையைச் சாத்திவிட்டு எதிரே போய் உட்கார்ந்தேன். நாற்பது பக்கமும் மடியில். ரிஜிஸ்டர் ஆபீசில் என்னைத் தெரியாதவர் இல்லை, என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. அந்த அம்மா புதுப் புடவை கட்டி வந்திருந்தார். என்னைப் பார்த்தும் பார்க்காதது போல இருந்தார். பெயர் கூப்பிட்டார்கள். போட்டோ எடுத்தார்கள், கட்டைவிரல் வைக்கச் சொன்னார்கள். கதவு திறந்தே இருந்ததால் சார்பதிவாளர் பேசுவது எனக்குக் கேட்டது.

“ஏம்மா, சொந்த விருப்பத்தோடதான் விக்கிறீங்களா?”

புரோக்கர், “ஆமாம் சார்” என்றார்.

“உங்கள கேக்கல.”

அந்த அம்மாவின் குரல் கணீரென்று வந்தது. “விருப்பம் இன்னா விருப்பம்? எனக்கு விருப்பமே இல்லைங்க. மானியத்துல போவுது, அதான் விக்கிறேன்.”

“எந்த மானியம்?”

பசை காய்ந்த அந்தக் காகிதம் சார்பதிவாளர் மேஜைக்குப் போனது. புரோக்கர் ஏதோ குறுக்கே பேச, அவரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டார். நான் எழுந்து வாசலில் போய் நின்றேன். அறிக்கையை நீட்டினேன். அதில் கடைசியில் இருந்த மூல நோட்டீஸின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். அவர் படித்தார், நோட்டீஸைப் படித்தார், மறுபடி அறிக்கையைப் படித்தார்.

“இது யார் தமிழ்ப்படுத்தினது?”

“நான்தான் சார்.”

“ஏம்மா, நாலெழுத்து நல்லா தெரிஞ்ச நீங்களே இப்படி செய்யலாமா?” என்றார். அவர் அந்த அம்மாவின் பக்கம் திரும்பி, “உங்க நெலத்துல ஒரு சென்ட்டு கூட யாரும் எடுக்கலம்மா. தென்ன மரத்த ரொம்ப ஒசரமா வளக்காதீங்கன்னு போட்டிருக்காங்க, அவ்ளோதான். மானியம்னா இங்க பணம்” என்றார்.

“அப்படிங்களா? அய்யா சொன்னா சரிங்க” என்றார் அந்த அம்மா.

அடேயப்பா! நேற்று முழு மத்தியானமும் நான் சொன்னது இதே வார்த்தைதான். எனக்கு எரிச்சல் ஒரு பக்கம், சந்தோஷம் ஒரு பக்கம். சந்தோஷம்தான் அதிகம், ஒத்துக்கொள்கிறேன். பத்திரம் பதிவாகவில்லை. புரோக்கர் அட்வான்ஸ் அது இது என்று வாசலில் எகிறினார். அட்வான்ஸை முடிச்சு அவிழ்க்காமல் வைத்திருந்த அம்மா, அதை அப்படியே அவர் கையில் திணித்தார். “எண்ணிக்கோ” என்றார்.

படியிறங்கும்போது நான் அவரை டீ குடிக்கக் கூப்பிட்டேன். ஜெயித்த மிதப்பில் இருந்தேன். அவர் வரவில்லை. கீழ்ப்படியில் நின்று, “எங்க ஓரகத்தி போன பொதங்கெழம இங்கதான் கைநாட்டு வெச்சா” என்றார். “என் கொல்லைக்கு பக்கத்து கொல்ல. புருசன் போயி ஆறு வருசம் ஆவுது, கொழுந்தனாரு பங்கு அது. அவள இன்னா கேட்டாங்களோ. புரோக்கரு சொல்லிக் குடுத்தமேரி ஆமான்னு சொல்லிட்டாளாம்.”

என் மிதப்பு அங்கேயே இறங்கிவிட்டது. வேறு எத்தனை பேர் என்று கேட்டேன். அவளுடையது மட்டும்தான் முடிந்தது, மற்றவர்கள் விலை பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றார்.

அன்றே மத்தியானம் திருத்திய நோட்டீஸை நானே அடித்தேன். இந்த முறை இரண்டு பக்கம். நிலம் எடுக்கப்படவில்லை என்பது முதல் வரி, கொட்டை எழுத்தில். இது அரசு நோட்டீஸ் அல்ல, பிழை மொழிபெயர்ப்பாளருடையது என்று எழுதி, கீழே என் பெயரும் கடை முகவரியும் போட்டேன். இன்ஜினியருக்கு அனுப்பி, “நீங்க ஒட்றீங்களா, நான் ஒட்டட்டுமா?” என்று கேட்டேன். அரை மணியில் அவரே பேசினார், அவருடைய பாஸும் பேசினார். என் காகிதத்தை வைத்துக் கம்பெனியின் பெயரிலேயே திருத்தம் வெளியிட்டார்கள். கூட்டம் தள்ளிப்போகவும் இல்லை, ஃபண்டு பறந்துபோகவும் இல்லை. சும்மா பயந்தவர்கள். அந்த ஊரில் அதற்குப் பிறகு யாரும் நிலம் விற்கவில்லை. ஓரகத்தியின் விஷயத்துக்கு வக்கீல் ஒருவரைப் போய்ப் பார்த்தேன். ஆபீசர் கேட்டு, ஆமாம் என்று சொல்லி, பணமும் வாங்கிப் பதிவான பத்திரம், கேஸ் போடலாம், வருடக்கணக்கில் இழுக்கும், ஜெயிப்பது கஷ்டம் என்றார்.

வெள்ளிக்கிழமை கூட்டம் அந்த ஊர்ப் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் நடந்தது. இன்ஜினியர் காலி சீட்டுக்கு அரசாங்கம் பணம் தருவதை விளக்கினார். “எங்க ஊர் பஸ்ஸு காலியா போனா கண்டக்டருக்கு திட்டு, பிளேனு காலியா போனா துட்டா?” என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்க, மண்டபமே சிரித்தது. பிறகு என்னிடம் மைக்கைக் கொடுத்தார்கள். நான் எழுதிய நோட்டீஸ், நான் செய்த தப்பு என்று சுற்றி வளைக்காமல் சொன்னேன். சர்வே நம்பர் ஒவ்வொன்றாகப் படித்து, எடுக்கவில்லை, எடுக்கவில்லை என்று சொன்னேன். அந்த அம்மாவின் நம்பர் வந்தபோது அவர் தலையாட்டினார். அதற்கு அடுத்த நம்பரையும் படிக்க வேண்டியிருந்தது. படித்தேன்.

முடிந்ததும் அவர் தன் ஓரகத்தியை என்னிடம் கூட்டி வந்தார். நாற்பத்தைந்து வயதுதான் இருக்கும், மெலிந்த உடம்பு. வசைபாடுவார் என்று எதிர்பார்த்துத் தயாராக நின்றேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவர் திட்டவில்லை. சந்தேகம் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

“மானியம்னு போட்டது தப்புன்னீங்களே. வேற இன்னா போட்டு இருக்கணும்?”

“உதவித்தொகைன்னு போட்டிருக்கணும்மா.”

“ஒதவித்தொக” என்று அவர் ஒரு முறை சொல்லிப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து, “அது எனக்கு தெரியுமே. அவரு செத்ததுலர்ந்து மாசாமாசம் வாங்கினு கீறேனே” என்றார்.